பதக்கம் வாங்கியவனுக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

'ட்ராமா' (நாடகம் இல்லை, trauma; மனசை உலுக்குகிற பேரதிர்ச்சி) என்கிற சொல் இப்போது தண்ணீர் பட்ட பாடாகப் புழங்குகிறது. செமஸ்டர் வினாத்தாள் கடினமாக இருந்தால் ட்ராமா, பிடித்த அணி கடைசி ஓவரில் தோற்றால் பிடிஎஸ்டி (PTSD, பேரதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனக்கோளாறு). அது விளையாட்டுப் பேச்சு, போகட்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று. போருக்குப் போய்த் திரும்பிய ஒரு பையன் ராத்திரியில் தூங்க முடியாமல் தவிக்கிறான், கதவு சாத்துகிற சத்தத்துக்குத் துள்ளி எழுகிறான் என்று கேள்விப்பட்டால், "மனசில் தைரியம் இல்லாதவன் பட்டாளத்துக்கு எதற்குப் போனான்?" என்று கேட்க நாலு பேராவது இருக்கிறார்கள். நல்ல படித்தவர்களே கேட்கிறார்கள். தைரியசாலிக்கு இதெல்லாம் வராது, கோழைக்குத்தான் வரும் என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு அடியோடு தப்பு. ஏன் தப்பு என்பதை, மருத்துவப் படிப்பு எதுவும் தேவைப்படாத அளவுக்கு எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு ஆளைப் பார்த்துவிடுவோம்.

எரிகிற வண்டியின் மேல் ஏறியவன்

ஆடி மர்ஃபி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏழைக் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை. ஐந்தடி ஐந்து அங்குலம்தான் உயரம், ஒல்லி. கப்பற்படையைச் சேர்ந்த மரீன் பிரிவு இவனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. 1942இல், பதினேழு வயதில், வயதைக் கூட்டிச் சொல்லித்தான் தரைப்படையில் சேர்ந்தான்.

1945 ஜனவரி 26. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஹோல்ட்ஸ்விர் என்ற ஊருக்கு வெளியே, தரையெல்லாம் பனி. ஆறு ஜெர்மன் டாங்கிகளும் அவற்றோடு காலாட்படையும் வருகின்றன. மர்ஃபி தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் போன் கருவியோடு அங்கேயே நிற்கிறான், பின்னால் இருக்கும் பீரங்கிப் படைக்கு எங்கே சுட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு. பக்கத்தில் குண்டுபட்டு எரிந்துகொண்டிருக்கிற ஒரு கவச வண்டி. உள்ளே எரிபொருளும் வெடிமருந்தும் இருக்கின்றன, எந்த நொடியும் வெடிக்கலாம். அதன் மேல் ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுடுகிறான். காலில் காயம். குண்டு தீர்ந்ததும் இறங்கி நடந்து, தன் ஆட்களிடம் போய்ச் சேர்ந்து, சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிர்த்தாக்குதலை நடத்துகிறான்.

அப்போது அவனுக்கு வயது 19. அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஹானர் இதற்காகத்தான் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் அந்த நாட்டில் மிக அதிகமாக விருது வாங்கிய சிப்பாய்களில் ஒருவன். பிறகு திரைப்பட நடிகனும் ஆனான்.

அதே மர்ஃபி, ஊருக்குத் திரும்பிய பிறகு பல வருடங்கள் தலையணைக்கு அடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு படுத்தான். கெட்ட கனவுகள் விடவில்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, அந்தப் பழக்கத்தை விடுவதற்காக ஒரு விடுதி அறையில் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு கிடந்தான்.

கோழைக்குத்தான் வரும் என்றால், இவனுக்கு ஏன் வந்தது?

மண்டைக்குள் இருக்கிற அலாரம்

பைக்கில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சந்திலிருந்து திடீரென்று ஒரு லாரி மூக்கை நீட்டுகிறது. என்ன ஏது என்று நீங்கள் யோசிப்பதற்கு முன்பே கை பிரேக்கைப் பிடித்திருக்கும், கால் தரையில் ஊன்றியிருக்கும். லாரி போன பிறகுதான் நெஞ்சு படபடப்பது தெரியும், உள்ளங்கை ஈரமாக இருப்பது தெரியும். யோசனை மெதுவானது; உயிர்தப்ப அது போதாது என்பதால், யோசனைக்குக் காத்திராமல் வேலை செய்கிற ஒரு ஏற்பாடு நம் எல்லோருடைய மூளையிலும் இருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் முக்கியமான பகுதிக்கு அமிக்டலா என்று பெயர். பாதாம் பருப்பு வடிவத்தில், மூளையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். ஆபத்தின் சாயல் தெரிந்தாலே போதும், அது மணியடித்துவிடும். உடனே சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாக அடிக்க, தசைகளுக்கு ரத்தம் பாய, வயிறு தன் வேலையை நிறுத்த, உடம்பு முழுவதும் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடும்.

இதற்குத்தான் பயம் என்று பெயர். இது யாருக்கும் இல்லாமல் இல்லை. எரிகிற வண்டியின் மேல் நின்ற மர்ஃபிக்கும் இருந்தது.

அப்படியானால் தைரியம் எங்கிருந்து வருகிறது? நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதி இருக்கிறது. திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, பின்விளைவைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அலாரம் அடிக்கும்போதே, "கேட்கிறது, ஆனால் இப்போது ஓட முடியாது, வேலை இருக்கிறது" என்று உடம்பைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பகுதிதான். கிணற்றில் விழுந்த குழந்தையைப் பார்த்ததும் குதித்துத் தூக்கிவந்தவரைக் கேட்டுப் பாருங்கள். மேலே வந்து, குழந்தையைத் தாயிடம் கொடுத்த பிறகுதான் கை கால் நடுங்கியிருக்கும். நடுக்கம் முன்பே இருந்தது, அவர் அதை ஒத்திப்போட்டிருந்தார், அவ்வளவுதான். ராணுவப் பயிற்சி செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்: ஒரே காரியத்தை நூறு முறை, ஆயிரம் முறை செய்யவைத்து, அலாரம் காதைப் பிளக்கும்போதும் கை தன் வேலையைச் செய்யும்படி பழக்கிவிடுவது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: பயம் என்பது உடம்பு அடிக்கிற மணி. தைரியம் என்பது அந்த மணி அடிக்கும்போதே வேலையைச் செய்வது. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில் இருக்கும்.

இருப்பு தீர்ந்துபோகும்

மணி அடிக்கும்போது வேலை செய்வதற்குச் சக்தி செலவாகிறது. இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர்களில் ஒருவர் சார்லஸ் வில்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் சிப்பாய்களோடு சிப்பாயாகக் கிடந்து மருத்துவம் பார்த்தவர். பிற்காலத்தில் மோரன் பிரபு என்ற பட்டத்தோடு சர்ச்சிலின் சொந்த மருத்துவராக இருந்தார். தைரியத்தை அவர் வங்கியில் போட்டுவைத்த பணத்துக்கு ஒப்பிட்டார். ஒவ்வொருவருக்கும் ஓர் இருப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாள் குண்டுமழையிலும் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறான். ஒருவனுக்கு நிறைய இருக்கலாம், இன்னொருவனுக்குக் கொஞ்சமாக இருக்கலாம். ஆனால் எடுத்துக்கொண்டே இருந்தால் யாருடைய கணக்கும் ஒருநாள் காலியாகும்.

கேட்க உவமை மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய இதுவேதான் கிடைத்தது. முன்னணியில் நிற்கிற ஒரு சராசரி அமெரிக்கக் காலாட்படைச் சிப்பாய் 200 முதல் 240 போர்நாட்களில் தேய்ந்து ஓய்ந்துபோகிறான் என்று 1946இல் எழுதினார்கள். பிரிட்டிஷ் தரப்பு மதிப்பீடு 400 நாள். பிரிட்டிஷ்காரன் அதிக வீரனா? அதெல்லாம் இல்லை. அவர்கள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறையோ அதற்கும் முன்போ ஆட்களை முன்னணியிலிருந்து விலக்கி நாலு நாள் ஓய்வு கொடுத்தார்கள். அமெரிக்கர்கள் அநேகமாக அப்படிச் செய்யவில்லை. காயம் படும்வரை, அல்லது சாகும்வரை, அங்கேயே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை முதல்முறை படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை. நாலு நாள் தூக்கமும் சூடான சாப்பாடும் துவைத்த துணியும் கிடைப்பதில் இவ்வளவு பெரிய வித்தியாசம். தைரியம் ஆளின் ரத்தத்தில் ஊறியது என்கிற பேச்சு இந்த இரண்டு எண்களுக்கு முன்னால் நிற்காது.

ஏன் எப்போதும் இளைஞர்களே?

பிரிட்டனில் பதினாறு வயதிலேயே ராணுவத்தில் சேரலாம், பதினெட்டுக்கு முன்பு சண்டைக்கு அனுப்பமாட்டார்கள். நம் நாட்டில் அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலிருந்து எடுக்கிறார்கள். உடல்வலு ஒரு காரணம், குடும்பப் பொறுப்பு குறைவு என்பது இன்னொன்று. மூளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு காரணமும் தெரியும்.

சற்று முன் சொன்னேனே, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி, அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. ஆபத்தையும் பரிசையும் கண்டு கிளர்கிற பகுதிகளோ பதின்வயதிலேயே முழுவேகத்தில் ஓடுகின்றன. எஞ்சின் புதுசு, பிரேக் இன்னும் செட்டாகவில்லை.

இதிலிருந்து "இளைஞனுக்கு ஆபத்து தெரியாது" என்று முடிவுகட்டிவிடக்கூடாது. அதுவும் ஒரு தவறான புரிதல்தான். ஆபத்து என்ன என்று ஏட்டில் கேட்டால் பதினேழு வயதுப் பையன் பெரியவர்களைப் போலவே சரியாகப் பதில் சொல்வான். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், கூட்டாளிகள் பார்க்கும்போது. 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்கும் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினர், இருபதை ஒட்டியவர்கள், பெரியவர்கள் என்று மூன்று பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். மஞ்சள் விளக்கு வந்தால் நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்பதா என்பதுதான் ஆட்டம். தனியாக ஆடும்போது பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து எகிறியது. இருபதை ஒட்டியவர்களிடமும் கூடியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

இப்போது ஒரு படைப்பிரிவை நினைத்துப் பாருங்கள். ஒரே வயது, ஒரே தட்டில் சாப்பாடு, ஒருவன் உயிர் இன்னொருவன் கையில். இருபத்துநாலு மணி நேரமும் கூட்டாளிகளின் பார்வை. போர்முனையில் பெரும்பாலான சிப்பாய்கள் கொடிக்காகச் சண்டை போடுவதாகச் சொல்வதில்லை, பக்கத்தில் இருக்கிறவனுக்காக என்றுதான் சொல்கிறார்கள். மர்ஃபியின் நெருங்கிய நண்பன், சரணடைவதாக நடித்த எதிரிகளின் குண்டுக்கு 1944 ஆகஸ்டில் அவன் கண்முன் பலியானான். அதன்பின் ஒற்றை ஆளாக அந்த நிலைகளைக் கைப்பற்றியதற்கு மர்ஃபிக்கு ஒரு விருது கொடுத்தார்கள். வீரமும் துக்கமும் ஒரே பத்து நிமிடத்தில், ஒரே ஆளுக்கு.

போர் முடிந்தது, அலாரம் நிற்கவில்லை

இனிதான் விஷயத்தின் மையம். ஞாபகம் என்பது ஒரு கடிதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில், மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஒவ்வொரு கடிதத்திலும் தபால் முத்திரை குத்துகிறது: எந்த ஊர், எந்தத் தேதி. அதனால்தான் பத்து வருடத்துக்கு முந்தைய சண்டையை நினைத்தால் வருத்தம் வருகிறது, ஆனால் அது இப்போது நடப்பதாகத் தோன்றுவதில்லை. உயிர்போகிற பயத்தில் முத்திரை குத்துகிற வேலை தடுமாறுகிறது. அமிக்டலாவோ அதே நேரத்தில் அந்த நாற்றத்தையும் சத்தத்தையும் வெளிச்சத்தையும் ஆழமாகப் பதித்துவிடுகிறது. விளைவு, தேதி இல்லாத கடிதம். டீசல் வாசனை அடித்தாலோ பட்டாசு வெடித்தாலோ அது பிரிந்துகொள்ளும், பிரிந்தால் அது நேற்றைய செய்தியாக இல்லை, இப்போது நடக்கிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

இராக்கில் சாலையோரக் குப்பைக்குள் வெடிகுண்டை மறைத்து வைப்பார்கள். அங்கே ஒரு வருடம் வண்டி ஓட்டிய இருபது வயதுப் பையனுக்குக் குப்பைப் பையைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை ஒடிப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் அவனை உயிரோடு வைத்திருந்தது. ஊருக்கு வந்த பிறகு, மனைவியும் குழந்தையும் பின்சீட்டில் இருக்க, நெடுஞ்சாலையோரம் ஒரு கறுப்புப் பை கிடக்கிறது. கை தானாக ஒடிக்கிறது. பைத்தியமா இது? அங்கே சரியாக வேலை செய்த அதே அலாரம் இங்கேயும் வேலை செய்கிறது. இடம் மாறிவிட்டது என்ற சேதி மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

இந்த நிலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் அதற்குப் பிடிஎஸ்டி என்று பெயர். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அதை நினைவூட்டுகிற எதையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போய் தன்மேலும் உலகின்மேலும் நம்பிக்கை இழப்பது, எந்நேரமும் விழிப்பாக விறைத்திருப்பது என்று நாலு விதமாக அது தெரியும். தேர்வு கெட்டதற்கும் அணி தோற்றதற்கும் இதைச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

போர் பார்த்த எல்லோருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலோருக்கு வருவதில்லை. வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்க ஆண்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதற்கு ஆளானதாக 1980களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதே வியட்நாம் சிப்பாய்கள் ராணுவத்தை விட்டு வந்த முதல் ஐந்து வருடங்களில், வேறிடங்களில் பணியாற்றிய சகாக்களைவிட அதிகமாக இறந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நோயால் அல்ல, வாகன விபத்திலும் தற்கொலையிலும்.

ஆக, போர்முனையில் உயிரைக் காப்பாற்றிய அதே ஏற்பாடுதான் வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டு வேறு ஆட்கள் இல்லை, இரண்டு வேறு குணங்களும் இல்லை.

பெயர் தெரியாத காலத்தில் என்ன செய்தார்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் இதைச் 'சிப்பாயின் இதயம்' என்றார்கள், நெஞ்சு படபடப்பதால் இதயக் கோளாறு என்று நினைத்தார்கள். முதல் உலகப்போரில் 'ஷெல் ஷாக்' வந்தது. சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1915இல் அந்தச் சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். குண்டு வெடித்த அதிர்வில் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும் என்பது அப்போதைய யூகம். ஆனால் குண்டு பக்கத்திலேயே வெடிக்காதவர்களும் அப்படியே நடுங்கினார்கள்.

ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் சிப்பாய் 1915இல் இந்த நடுக்கத்தோடு ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தார். பேனா பிடிக்க முடியாத அளவுக்குக் கை ஆடியதால், மனைவிக்கு அவருடைய கடிதங்களை நர்ஸ்தான் எழுதினார். மறுபடி முன்னணிக்கு அனுப்பினார்கள். ஒருநாள், இனி முடியாது, போகமாட்டேன் என்று நின்றுவிட்டார். கோழைத்தனம் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1916 அக்டோபரில் அவருடைய சொந்த ராணுவமே சுட்டுக் கொன்றது. அவரோடு சேர்த்து 306 பேருக்கு பிரிட்டன் 2006இல் மன்னிப்பு வழங்கியது. அதற்காகப் போராடிய அவருடைய மகளுக்கு அப்போது வயது 93. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. 306 மரக்கம்பங்கள், அவற்றுக்கு முன்னால் கண்கட்டிய ஒரு பையனின் சிலை. பதினேழு வயதில் சுடப்பட்ட ஹெர்பர்ட் பர்டனை மாதிரியாக வைத்துச் செய்த சிலை அது.

எல்லோரும் அப்படி இல்லை. எடின்பரோவில் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் ரிவர்ஸ் என்ற மருத்துவர் இருந்தார். நம் நீலகிரிக்கு 1901-02இல் வந்து தோடர்களோடு பழகி அவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்தாரே, அதே ரிவர்ஸ்தான். "மறந்துவிடு, நினைக்காதே" என்பதுதான் அன்றைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் சொன்ன யோசனை. ரிவர்ஸ் அதற்கு நேர்மாறாக, உட்கார்ந்து பேசச் சொன்னார். அடக்கி வைத்ததுதான் ராத்திரியில் கிளம்பி வருகிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது.

அலாரத்தில் சேராத காயம் ஒன்று

நம் முன்னோர் முகத்திலும் மார்பிலும் படுகிற காயத்துக்கு விழுப்புண் என்று தனிச்சொல்லே வைத்திருந்தார்கள், அதைப் பெருமையாகக் கொண்டாடினார்கள். வெளியே தெரியாத காயத்துக்கு அப்படி ஒரு சொல் இல்லை. அதிலும் பயத்தால் வராத காயம் ஒன்று உண்டு. தான் செய்த ஏதோ ஒன்று, அல்லது தடுக்காமல் விட்ட ஒன்று, தன் மனசாட்சிக்கு முற்றிலும் விரோதமானது என்கிற நினைப்பு. பாஸ்டனில் வியட்நாம் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். தமிழில் அறக்காயம் என்று சொல்லலாம். இதில் ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்குப் புரியவைப்பதால் பயனில்லை, ஏனென்றால் இங்கே பிரச்சினை ஆபத்து அல்ல, குற்றவுணர்வு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் நான் எப்படிப்பட்டவன் என்பதே இன்னும் முடிவாகாதபோது இந்தக் காயம் படுவதால், அவன் தன்னைப் பற்றி எழுதிக்கொள்கிற முதல் வரியே அதுவாகிவிடுகிறது.

நமக்கு இது தூரத்துச் சங்கதியும் அல்ல. இலங்கைப் போரில் சிறுவர்கள் படையில் சேர்க்கப்பட்டதை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. 2009இல் போர் முடிந்தது, அன்றைய பிள்ளைகளுக்கு இன்று முப்பது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள், வீட்டாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குணமாகுமா?

ஆகும். மருந்துகளும் உதவுகின்றன, ஆனால் நன்றாக நிரூபணமானவை பேச்சுவழிச் சிகிச்சைகள். பயிற்சி பெற்ற ஒருவரின் முன்னால், பாதுகாப்பான இடத்தில், நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பச் சொல்வது அவற்றில் ஒன்று. ரிவர்ஸின் வழியைப் பிற்காலத்தவர் முறைப்படுத்தியது போல இருக்கும். தபால் முத்திரை உவமையிலேயே சொன்னால், தேதி இல்லாத அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து, இப்போதாவது அதற்கு முத்திரை குத்துவது. இது தீபாவளியன்று பக்கத்து வீட்டு அங்கிளிடம் போய் "பார்டரில் என்ன நடந்தது, சொல்லுங்க" என்று நாம் துருவுவதல்ல. நாம் செய்யக்கூடியது சின்னது. பட்டாசுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைக்கலாம். அவர் பேச விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். மனநல மருத்துவரைப் பார்க்கிறார் என்று தெரிந்தால், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரைப் பார்க்கிற அதே கண்ணால் பார்க்கலாம்.

மர்ஃபிக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று செய்தார். ஆண்பிள்ளை இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்றிருந்த காலத்தில், தன் கனவுகளையும் மாத்திரைப் பழக்கத்தையும் வெளிப்படையாகப் பேசினார், கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்புகிற பையன்களுக்கு அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டார். 1971 மே மாதம் விமான விபத்தில் இறந்தபோது வயது 45. பிடிஎஸ்டி என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல். வாங்கிய பதக்கங்களை அவர் தெரிந்தவர்களின் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். சான் அன்டோனியோவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை இன்று அவர் பெயரில் இருக்கிறது.